12 கிலோமீட்டருக்கு எதுக்கு ஆன்லைன்?

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே சுமார் 12 கிலோமீட்டர். பஸ் ஏறி, டிக்கெட் வாங்கி, கண்டக்டரிடம் பாக்கிச் சில்லறைக்கு மல்லுக்கட்டி முடிப்பதற்குள் ஊர் வந்துவிடும். இந்த இரண்டு ஊர்ப் பிள்ளைகள், ராத்திரி பத்து மணிக்கு ஹெட்போன் மாட்டிக்கொண்டு, அவரவர் வீட்டு அறைக்குள் இருந்தபடி, ஒருத்தரோடு ஒருத்தர் கம்ப்யூட்டர் வழியாகச் சேர்ந்து விளையாடுகிறார்கள் என்றால் உங்களுக்குச் சிரிப்பு வருமா, கோபம் வருமா?

எனக்குக் கோபம்தான். ஆனால், பிள்ளைகள் மேல் இல்லை. யார் மேல் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஆட்டத்தின் பெயர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் கொண்டுவந்தது. ஒருத்தர் கதைசொல்லி. மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேஷம். வாள்வீரன், மந்திரவாதி, திருடன், இப்படி. 'எதிரே பூட்டிய கதவு. என்ன செய்யப் போறீங்க?' என்று கதைசொல்லி கேட்பார். உடைப்பேன் என்கிறீர்களா? உடைந்ததா இல்லையா என்பதை 20 முகம் கொண்ட பகடை சொல்லும். பேசிப் பேசியே எல்லோரும் சேர்ந்து ஒரு கதையைக் கட்ட வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். பந்தயமும் கிடையாது, பணமும் கிடையாது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் தடை போட்டது பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு. அதையும் இதையும் ஒரே மூட்டையில் கட்டிவிடாதீர்கள்.

'இது வெள்ளைக்காரன் சமாசாரம், நமக்கெதுக்கு?' என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. திருப்பாவைக்கு வைணவப் பெரியவர்கள் சொன்ன விளக்கத்தைக் கேட்டுப் பாருங்கள். ஸ்ரீவில்லிபுத்தூரை ஆயர்பாடியாகவும், தோழிகளை ஆய்ச்சியராகவும், வடபத்ரசாயி கோயிலை நந்தகோபன் மாளிகையாகவும் பாவித்தாள் ஆண்டாள் என்கிறார்கள். அதுவும் எப்படி? மொத்தமே 30 பாட்டு. அதில் ஆறாவது முதல் பதினைந்தாவது வரை, பத்துப் பாட்டு, தூங்குகிற தோழிகளை எழுப்பிக் கூட்டிவருவதற்கே! அப்புறம்தான் வாயில்காப்போனிடம் பேசுவதெல்லாம். தனியாகப் போக அவளுக்கு மனசு வரவில்லை. வாசலில் நின்று, கேலி பேசி, கெஞ்சி, எல்லோரையும் சேர்த்துக்கொண்டுதான் கிளம்புகிறாள்.

அந்த வாசல்தான் ஆன்லைனில் இல்லை.

நான் பி.காம். படித்தவன். வரவு, செலவு இரண்டையும் பார்க்காமல் கணக்கை மூட மாட்டேன். முதலில் வரவு. 'ரோல்20' மாதிரி தளங்கள் 2012-லேயே வந்துவிட்டன. பெங்களூருக்கு வேலைக்குப் போன நண்பன் அதன் புண்ணியத்தில் ஆட்டத்தில் இருக்கிறான். ராத்திரி பஸ் ஏற முடியாத பெண்பிள்ளைக்கும் இடம் கிடைக்கிறது. 2020 ஊரடங்கில் எத்தனையோ பேருக்கு இந்த மாதிரித் திரைகள்தான் பேச்சுத்துணை. இதையெல்லாம் இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

இப்போது செலவு. மேஜையைச் சுற்றி உட்கார்ந்தால், ஒருத்தன் கொட்டாவி விடுவது கதைசொல்லிக்குத் தெரியும். கதையை முடுக்குவார். கூச்சப்படுகிற பெண் ஏதோ சொல்ல வாயெடுப்பது தெரியும். மற்றவர்களைக் கையமர்த்துவார். திரையில்? கேமராவை அணைத்துவிட்டு ஒருத்தன் கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பான். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசி, இரண்டு பேரும் நிறுத்தி, 'நீ சொல்லு', 'இல்ல, நீ சொல்லு' என்றே பாதி ராத்திரி போகும்.

தாயம் ஆடியவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். கட்டை சுவரோரம் சாய்ந்து நின்றுவிட்டால் அங்கே ஒரு வழக்கே நடக்கும். 'இது செல்லாது, மறுபடி உருட்டு.' 'அதெல்லாம் செல்லும்!' கத்தி, முறைத்து, கடைசியில் யாரோ ஒருத்தர் விட்டுக்கொடுத்தால்தான் அடுத்த காய் நகரும். கம்ப்யூட்டர் பகடை சாயாது. சண்டையும் வராது. விட்டுக்கொடுக்கப் பழகுவதற்கு வழியும் இல்லை. கோபம் வந்தால் ஒரே க்ளிக், வெளியே போய்விடலாம். நாலு பேர் முன்னால் எழுந்து செருப்பு மாட்டிக்கொண்டு போவதற்கு ரொம்பத் துணிச்சல் வேண்டும். அதனாலேயே பாதிச் சண்டை அங்கேயே சமாதானமாகும்.

அப்படியென்றால் ஏன் நேரில் ஆடவில்லை? பிள்ளைகளைக் கேளுங்கள். 'எங்க சார் உட்கார்றது?'

இங்கேதான் என் கோபம். திண்ணையை இடித்து கார் நிறுத்த இடம் பண்ணினது யார்? ஹாலில் நாலு பேர் கூடினால் 'சீரியல் ஓடுது, சத்தம் போடாதீங்க' என்பது யார்? டீக்கடையில் ஒரு டீக்கு எவ்வளவு நேரம் உட்கார முடியும்? வைகுண்ட ஏகாதசிக்கு விடிய விடியப் பரமபதம் ஆடிக் கண்விழித்த நாம்தான், பிள்ளைகளைப் பார்த்து 'எந்நேரமும் போன்லயே கிடக்கான்' என்று புலம்புகிறோம். உட்கார இடம் கொடுக்காமல் புலம்ப மட்டும் நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

சட்டம் வேண்டாம், திட்டம் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியை ஒரு நாலு மணி நேரம் அணையுங்கள். ஹாலில் ஒரு மேஜையைக் காலி செய்து கொடுங்கள். மேஜை இல்லாவிட்டால் பாய் போதும். பகல் நேரம் என்பதால் பெண்பிள்ளைகளும் தைரியமாக வருவார்கள். பெங்களூர்க்காரனை வேண்டுமானால் போனில் கூப்பிட்டு, மேஜை மேல் சாய்த்து வைத்துக்கொள்ளட்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பிள்ளைகள் வெறுங்கையோடு வர மாட்டார்கள். பால்கோவா வரும். உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு.