பால் சுறா பால் கொடுக்குமா?

இது கொஞ்சம் நீளமான பதிவு. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் உள்ள வீட்டில் கட்டாயம் படியுங்கள். படித்துவிட்டு மறுத்துப் பேசினாலும் மகிழ்ச்சிதான்.

நம் காரைக்கால் அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டன. அது நல்லதா கெட்டதா என்ற வழக்கை இங்கே எடுக்கவில்லை. ஒரே ஒரு பாடத்தைப் பற்றி மட்டும் சொல்ல வருகிறேன். முதுகெலும்புள்ள விலங்குகளின் வகைப்பாடு. மீன்கள், இருவாழ்விகள், ஊர்வன, பறவைகள், பாலூட்டிகள் என்று நாம் எல்லோரும் ஒப்பித்த பாடம்தான். காரைக்கால்மேட்டுப் பிள்ளைக்கு இந்தப் பாடத்தைக் கடற்கரையில் வைத்து, நம் ஊர்ப் பெயர்களைச் சொல்லி நடத்த வேண்டும் என்பது என் கட்சி. மதிப்பெண்ணுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. நம் தொழிலும் கடலும் இதில் மாட்டிக்கொண்டிருக்கின்றன.

முதலில் புத்தகத்தைப் பார்ப்போம். பதினோராம் வகுப்பு என்சிஇஆர்டி உயிரியலில் விலங்குலகம் என்று ஒரு பாடம் உண்டு. எலும்பு மீன்களுக்கு எடுத்துக்காட்டாக ரோகு, கட்லா, மாகூர் என்று போட்டிருக்கிறது. மூன்றும் நன்னீர் மீன். மேட்டுப் பிள்ளை வீட்டுச் சட்டியில் வஞ்சிரமும் மத்தியும் சங்கராவும் கிடக்க, அவன் மாகூரை மனப்பாடம் செய்கிறான். சரி, இந்தியா முழுமைக்கும் ஒரே புத்தகம், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதே பாடத்தில் பிரிஸ்டிஸ், ட்ரைகான், எக்ஸோசீட்டஸ் என்றும் பெயர்கள் வருகின்றன. பிரிஸ்டிஸ் என்பது நம் வேளா. ட்ரைகான் திருக்கை. எக்ஸோசீட்டஸ் பறவைக் கோலா. திருக்கையின் வால் முள் எங்கே இருக்கும், எப்படிப் பிடித்தால் குத்தாது என்று தெரிந்த பிள்ளை, ட்ரைகான் என்றால் ஏதோ வெளிநாட்டு ஜந்து என்று நினைத்துக்கொண்டு தேர்வு எழுதுகிறான். அவனுக்குத் தெரிந்ததுதான் கேள்வியாக வந்திருக்கிறது என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை.

என் வகுப்பில் ஒரு பெண் ஒருமுறை கேட்டாள்: "சார், பால் சுறா பாலூட்டியா?" வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை, ஏனென்றால் அது அருமையான கேள்வி. பால் சுறா முட்டையிடுவதில்லை, குட்டி போடுகிறது. வயிற்றை அறுத்தால் குட்டிகள் கொடியோடு கிடப்பதை நம் பெண்கள் ஆயும்போது பார்த்திருப்பார்கள். அந்தக் கொடி வழியாகத்தான் தாயிடமிருந்து குட்டிக்கு உணவு போகிறது. பெயரிலும் பால் இருக்கிறது. அப்படியானால் ஏன் பாலூட்டி இல்லை?

பாலூட்டி என்றால் தாய்க்குப் பால் சுரக்க வேண்டும், உடம்பில் முடி இருக்க வேண்டும், நுரையீரலால் மூச்சு விட வேண்டும். பால் சுறாவுக்கு மூன்றும் இல்லை. குட்டி பிறந்த நொடியிலிருந்து தன் இரையைத் தானே தேடிக்கொள்கிறது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கும் என்று சுறாப் புட்டு செய்து கொடுக்கிறோமே, பெயரில் உள்ள பால் அந்தத் தாயின் பால். மீனின் பால் இல்லை. இதை ஒருமுறை விளங்கிக்கொண்ட பிள்ளைக்கு, குட்டி போடுவதெல்லாம் பாலூட்டி என்ற தப்பு வாழ்நாளில் வராது.

வகைப்பாடு என்றால் இவ்வளவுதான். பெயரைப் பார்க்காதே, உருவத்தைப் பார்த்து ஏமாறாதே, உடம்பின் அமைப்பைப் பார். இதற்கு நம் கரையைவிட நல்ல ஆய்வுக்கூடம் எந்தப் பள்ளியில் இருக்கிறது? வஞ்சிரத்தின் செவுளுக்கு மூடி உண்டு. சுறாவுக்கு மூடி கிடையாது, பக்கத்தில் வரிசையாகப் பிளவுகள்தான். வஞ்சிரத்துக்குள் எலும்பு, சுறாவுக்குள் குருத்தெலும்பு. சுறாவின் தோலைத் தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் வழுக்கும், எதிர்ப்பக்கம் தடவினால் உப்புத்தாள்போல் கையைக் கிழிக்கும். ஓங்கிலின் வால் படுக்கையாக இருக்கும், மேலும் கீழும் அடிக்கும். மீனின் வால் நிமிர்ந்து நிற்கும், பக்கவாட்டில் அடிக்கும். வாலை மட்டும் பார்த்தே ஓங்கில் பாலூட்டி என்று ஒரு பிள்ளை சொல்லிவிடலாம்.

இதெல்லாம் வெறும் பொது அறிவு என்று நினைக்காதீர்கள். விலாங்கும் கடல் பாம்பும் வலையில் ஒன்றுபோலத்தான் நெளியும். விலாங்குக்குச் செவுளும் துடுப்பும் உண்டு, அது மீன். கடல் பாம்புக்கு உடம்பெல்லாம் செதில், துடுப்புப்போல் தட்டையான வால், மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டும். அது ஊர்வன, கடும் நஞ்சுள்ளது. இந்த வேறுபாடு தெரிந்தவன் கை தப்பும்.

ஆமையும் அப்படித்தான். ஆமை ஊர்வன என்று எழுதினால் ஒரு மதிப்பெண். அதற்கு நுரையீரல் இருக்கிறது, செவுள் இல்லை என்று விளங்கினால்தான், மணிக்கணக்கில் இழுக்கும் வலையில் சிக்கிய ஆமை தண்ணீருக்குள்ளேயே மூச்சடைத்துச் சாகும் என்பது விளங்கும். 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கிய செய்தியைப் படித்திருப்பீர்கள். கடலில் வாழும் உயிர் கடலில் எப்படி மூழ்கிச் சாகும் என்று படித்தவர்களே என்னிடம் கேட்டார்கள். பள்ளிப் பாடத்தில் உள்ள பதில்தான் அது.

"நம்ம ஆளுங்க எல்லாத்தையும் மீன்னு சொல்றவங்க, அவங்க பேரை வைத்து அறிவியல் நடத்த முடியுமா?" என்று சில ஆசிரிய நண்பர்களே கேட்கிறார்கள். அவர்களுக்கு இரண்டு செய்திகள்.

ஒன்று. உலகத்துக்கே வகைப்பாடு சொல்லிக்கொடுத்த லின்னேயஸ், தம் நூலின் முந்திய பதிப்புகளில் திமிங்கலத்தை மீனோடுதான் வைத்திருந்தார். 1758-இல் வந்த பத்தாம் பதிப்பில்தான் பாலூட்டிகளோடு சேர்த்தார். அதே பதிப்பில் சுறாவையும் திருக்கையையும் தவளை, பாம்பு இருக்கும் கூட்டத்தில் வைத்தார்! பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள். அப்பேர்ப்பட்டவருக்கே தடுமாற்றம் வந்த இடத்தில் நம் மீனவரைப் பார்த்துச் சிரிப்பது நியாயமில்லை.

இரண்டு. நமக்கு வடக்கே, பக்கத்திலேயே இருக்கும் தரங்கம்பாடியில் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் என்ற மிஷனரி இருந்தார். இந்தக் கரையின் மீன்களைப் பதப்படுத்தி பெர்லினில் இருந்த மார்க்குஸ் எலீசர் ப்ளோக் என்ற மருத்துவருக்கு அனுப்பினார். ப்ளோக் பெரிய மீனியல் அறிஞர். நம் கத்தாளை மீன் இனத்துக்கு 1793-இல் ஜானின் பெயரால் ஜானியஸ் என்று பேர் வைத்தார். அதில் ஒரு வகைக்கு அவர் கொடுத்த முழுப்பெயர் ஜானியஸ் கறுத்தா. கறுத்த கத்தாளை! நம் கரையில் புழங்கிய தமிழ்ச் சொல் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக உலக விலங்கியலில் உட்கார்ந்திருக்கிறது. பெர்லின்காரர் ஏற்றுக்கொண்ட பெயரை நம் வகுப்பறை ஏன் வெளியே நிறுத்த வேண்டும்?

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்குத் தெரியும். 2001-இல் திமிங்கலச் சுறா, வேளா உள்ளிட்ட சில சுறா, திருக்கை இனங்கள் அதன் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. மீறினால் மூன்று ஆண்டுகளுக்குக் குறையாத சிறை. மற்றபடி எல்லாச் சுறாவுக்கும் தடை இல்லை. எது பிடிக்கலாம், எது பிடிக்கக் கூடாது என்பது முழுக்க முழுக்க அடையாளம் காண்பதில் இருக்கிறது. வகைப்பாடு என்பது இங்கே தேர்வுத்தாளை விட்டு இறங்கிப் படகுக்குள் வந்துவிட்டது.

வேளாவை எடுத்துக்கொள்ளுங்கள். மூக்கில் வாள்போல் நீண்ட கொம்பு, இரண்டு பக்கமும் பற்கள். பார்க்கச் சுறா மாதிரிதான் இருக்கும். திருப்பிப் போட்டால் செவுள் பிளவுகள் அடிப்பக்கம் இருக்கும். பக்கவாட்டில் பிளவு இருந்தால் சுறா, அடியில் இருந்தால் திருக்கைக் கூட்டம். ஆக வேளா ஒரு திருக்கை. நமக்கு வடக்கே உள்ள காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் சினைகொண்ட சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டதாகப் பட்டினப்பாலை சொல்கிறது. கொம்புள்ள சுறா என்றால் வேளாவைத்தான் நினைக்கத் தோன்றுகிறது. வேளா குட்டி போடும் இனம். சாமியாகக் கும்பிட்ட உயிரை இன்று நம் பிள்ளைகள் படத்தில்தான் பார்க்கிறார்கள். புத்தகத்தில் எடுத்துக்காட்டாக இருக்கிறது, கடலில் அநேகமாக இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. நம் யூனியன் பிரதேசத்தின் பெயரையே தாங்கிய சுறா. புதுச்சேரிச் சுறா என்று உலகம் முழுக்க அழைக்கிறார்கள். புதுச்சேரியில் கிடைத்த மாதிரியை வைத்து 1839-இல் விவரிக்கப்பட்டது. ஒரு மீட்டர் அளவில், துடுப்புகளின் நுனி கறுத்து இருக்கும். 1979-க்குப் பிறகு அறிவியலாளர்கள் உறுதியாகப் பதிவு செய்ததில்லை. அழிந்தே போயிருக்கலாம் என்று அஞ்சுகிறார்கள். அதுவும் முதல் அட்டவணையில் இருக்கிறது. ஒருவேளை எங்காவது பத்து உருப்படி மிச்சம் இருந்தால் அதை முதலில் பார்க்கப் போவது யார்? டெல்லியில் உட்கார்ந்திருக்கும் விஞ்ஞானியா? நம் ஊர் ஃபைபர் படகில் போகும் பையன்தான். அவனுக்குக் கறுத்த நுனியுள்ள சுறாக்களைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொடுக்காமல் விட்டால், அது வந்தும் ஏலக்கூடையில் போய்விடும், யாருக்கும் தெரியாது.

பெற்றோர் சொல்லும் ஒரு பதிலையும் மறைக்காமல் எழுதுகிறேன். "சார், நாங்க கடல்ல பட்டது போதும். புள்ள மீனைப் பார்க்காம ஆபீஸ்ல உட்காரணும்னுதான் படிக்க வைக்கிறோம். நீங்க மறுபடி கரைக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்றீங்களே?" சுனாமி பார்த்த ஊர்க்காரர்கள் இப்படிச் சொல்வதில் உள்ள வலி எனக்குத் தெரியும். ஆனால் பிள்ளை கடலுக்குப் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அப்பன் பாட்டன் சேர்த்த அறிவு அவனிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதைப் படிப்பாக மாற்றிக்கொள் என்கிறேன். நீட் தேர்வில் விலங்குலகத்திலிருந்து கேள்வி வருகிறது. பயிற்சி மையத்தில் காசு கட்டி மனப்பாடம் செய்யும் பிள்ளைக்கு இல்லாத ஒரு முதல் நம் பிள்ளைக்கு இருக்கிறது. வெட்கப்பட்டு அதைத் தூக்கிப் போட வேண்டாம்.

இப்போது பள்ளியில் வேலை பார்க்கும் என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜூன் 14-உடன் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் மீன் கொண்டுவரும் நேரம், ஒரு காலை வேளை பிள்ளைகளைக் கரைக்கு அழைத்துப் போங்கள். ஒவ்வொருவரும் ஐந்து உயிர்களைப் பார்த்து, ஊர்ப் பெயர், செவுள் எங்கே, மூடி உண்டா, எலும்பா குருத்தெலும்பா, முட்டையா குட்டியா என்று ஒரு தாளில் எழுதட்டும். வகுப்புக்கு வந்தபின் புத்தகப் பெயரைப் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் போதும், செலவே இல்லை.

படகு வைத்திருக்கும் தம்பிமார்களுக்கு. அடையாளம் தெரியாத சுறாவோ திருக்கையோ வந்தால் உயிரோடு இருக்கும்போதே பக்கத்திலும் அடியிலும் ஒவ்வொரு படம் எடுத்துவிட்டு உடனே கடலில் விடுங்கள். படத்தை மீன்வளத் துறைக்குக் காட்டுங்கள். உங்கள் கைப்பேசிப் படம் ஒன்று உலகம் தேடும் பதிவாக இருக்கக்கூடும்.

வீட்டில் இருக்கும் அக்கா தங்கைகள், அத்தைமார்கள், உங்கள் அம்மாவும் ஆயாவும் சொன்ன சுறா, திருக்கைப் பெயர்களைக் கீழே எழுதுங்கள். எந்த மீனுக்கு அந்தப் பெயர் என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். எல்லாவற்றையும் தொகுத்து நம் பள்ளிகளுக்குக் கொடுக்கும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். வயதானவர்கள் இருக்கும்போதே கேட்டு வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் சார்
காரைக்கால்மேடு