ஒரே கஸ்டமர் கடை

பி.காம். முதல் வருடத்தில் புரொபஸர் சொல்லித் தந்த முதல் பாடம் இதுதான்: கஸ்டமர்தான் ராஜா. சரக்கு பிடிக்கவில்லையென்றால் பேசாமல் அடுத்த கடைக்குப் போய்விடுவான். நாம் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

இந்தப் பாடம் எடுபடாத ஒரு கடை நம் நாட்டில் இருநூறு வருடத்துக்கு மேல் நடந்திருக்கிறது. அதில் என் சித்தப்பாவே முப்பது வருஷம் வெல்டராக வேலை பார்த்திருக்கிறார் என்பது எனக்கு லேட்டாகத்தான் உறைத்தது.

ஆவடி 'டேங்க் ஃபேக்டரி' என்றால் அந்தப் பக்கத்து ஆட்டோக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். முழுப் பெயர் ஹெவி வெஹிகிள்ஸ் ஃபேக்டரி. சின்ன வயதில், "சித்தப்பா, எனக்கு ஒரு டேங்க் எடுத்துட்டு வாங்களேன்" என்று கேட்டேன். "டிபன் கேரியர்ல அடங்காதுடா" என்றார்.

கடையின் பூர்வீகம் கல்கத்தா. வியாபாரம் பண்ண வந்த கிழக்கிந்தியக் கம்பெனி, 1801-ல் காசிப்பூரில் பீரங்கி வண்டி செய்ய ஒரு பட்டறை போட்டது. 1802 மார்ச் 18-ல் உற்பத்தி ஆரம்பம். அந்தத் தேதியைத்தான் ஆர்டினன்ஸ் ஃபேக்டரிகள் இன்றைக்கும் தங்கள் தினமாகக் கொண்டாடுகின்றன.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் டம்டம். நமக்கெல்லாம் ஏர்போர்ட்டாகத் தெரிந்த ஊர். 1890-களில் அங்கே இருந்த ஆயுதசாலையில் ஒரு தோட்டா தயாரித்தார்கள். உடம்பில் பட்டதும் நுனி விரிந்துகொள்ளும், காயம் படுபயங்கரமாக இருக்கும். இந்த மாதிரித் தோட்டாவே போரில் கூடாது என்று 1899-ல் ஹேக் மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். மணப்பாறைக்கு முறுக்கு, திருநெல்வேலிக்கு அல்வா. பாவம், டம்டம்முக்கு இப்படி ஒரு பெயர்!

நம் பக்கமும் கடை விரித்தார்கள். ஊட்டி ரயிலில் போனவர்கள் குன்னூர் தாண்டி அருவங்காடு ஸ்டேஷனைப் பார்த்திருப்பீர்கள். நூற்றிருபது வருஷமாக அங்கே வெடிமருந்து தொழிற்சாலை இருக்கிறது. ஆரம்பத்தில் செய்தது கார்டைட் என்ற புகையில்லா மருந்து. நைட்ரோகிளிசரின், கன்காட்டன், கூடவே கொஞ்சம் வாசலின். ஆமாம் சார், குளிர்காலத்தில் உதட்டில் தடவுகிறோமே, அதேதான். பிசைந்து அச்சில் போட்டுப் பிழிந்தால் சேமியா மாதிரி நீளநீளமாக வரும். இடியாப்பம் பிழிகிற டெக்னிக்தான். அடுப்புப் பக்கம் மட்டும் கொண்டு போகக்கூடாது.

சுதந்திரம் வந்தபோது நம் கைக்கு வந்தவை 18 தொழிற்சாலைகள். கிருஷ்ண மேனன் பாதுகாப்பு அமைச்சராக இருந்தபோது, சும்மா நிற்கிற மெஷின்களில் பொதுமக்களுக்கான சாமான்களையும் செய்யலாமே என்றார்கள். பீரங்கி செய்கிற இடத்தில் காபி பெர்கோலேட்டரா என்று எதிர்க்கட்சிகள் கேலி பண்ணின. காபிப் பைத்தியமான எனக்கு அதில் ஆட்சேபணை கிடையாது. ஆனால் 1962-ல் சீனாவுடன் சண்டை வந்தபோது, இமயமலையில் நின்ற நம் ஜவான்கள் கையில் இருந்தது பழைய .303 ரைஃபிள். ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டை இழுத்து இழுத்துச் சுட வேண்டும். மேனன் பதவி விலக, காபி ஜோக்குக்கு அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

பிறகு வேகம் பிடித்தது. 1961-ல் ஆரம்பித்திருந்த ஆவடியிலிருந்து 1965 டிசம்பரில் முதல் 'விஜயந்தா' டாங்கி உருண்டு வந்தது. 1966-ல் திருச்சியில் துப்பாக்கித் தொழிற்சாலை. ஆவடியில் அடுத்தடுத்து அஜேயா, பீஷ்மா, அர்ஜுன் என்று டாங்கிகள் வந்தன. பெயர் வைப்பதில் நம்மை மிஞ்ச ஆளில்லை.

2021-ல் கணக்கெடுத்தால் 41 தொழிற்சாலைகள், 70 ஆயிரத்துக்கும் மேல் ஊழியர்கள். டாங்கி, பீரங்கி மட்டுமல்ல... பூட்ஸ், யூனிஃபார்ம், கூடாரம், பாராசூட் எல்லாம் இங்கேதான். 2014-ல் கான்பூரில் பெண்களுக்கென்று 'நிர்பீக்' ரிவால்வர் செய்தார்கள். எடை அரைக் கிலோ, விலை சுமார் ஒரு லட்சத்து 22 ஆயிரம், வைத்துக் கொடுத்தது நகைக்கடை மாதிரி மெரூன் பெட்டியில்! பறிக்க வருகிறவன் ரிவால்வரை விட்டுவிட்டுக் கழுத்துச் சங்கிலியை மட்டும் எடுத்துப் போவானா என்ன?

இப்போது என் பி.காம். மூளை விழித்துக்கொள்கிறது.

கடை முதலாளி யார்? மத்திய அரசு. கஸ்டமர் யார்? பெரும்பாலும் ராணுவம், அதாவது அதே மத்திய அரசு. விலை? செய்ய என்ன செலவானதோ அதை வைத்து. லாபம் கிடையாது, நஷ்டமும் கிடையாது. செலவு ஏறினால் விலையும் ஏறும். முதலாளியே கஸ்டமராக இருக்கும்போது, சரக்கு சரியில்லை என்று யார் யாரிடம் சொல்வது?

சொல்ல வேண்டி வந்தது. இன்ஸாஸ் ரைஃபிளை 1999-ல் கார்கிலுக்குக் கொண்டு போனார்கள். அந்தக் குளிரில் மேகஸின் விரிசல் விடுகிறது, சுடும்போது சிக்கிக்கொள்கிறது என்று புகார் வந்தது. 2020-ல் ராணுவத்தின் உள் அறிக்கை ஒன்று பத்திரிகைகளில் வந்தது. ஆறு வருடங்களில் பழுதான வெடிபொருளால் வீணானது 960 கோடி ரூபாய், அதில் நூறு பீரங்கி வாங்கியிருக்கலாம் என்றது அறிக்கை. விபத்துக்கெல்லாம் நாங்கள் மட்டுமே காரணமில்லை என்று ஆர்டினன்ஸ் போர்டு மறுத்தது.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். 1980-களில் போஃபர்ஸோடு வந்த வரைபடங்கள் பல வருஷம் தூங்கின. பிறகு அவற்றை எடுத்து, இதே ஆட்கள் ஜபல்பூரில் 'தனுஷ்' பீரங்கி செய்தார்கள். 2019 ஏப்ரலில் முதல் ஆறு ராணுவத்துக்குப் போயின. ஆக, கை தெரியாதவர்கள் இல்லை.

2021 அக்டோபர் 1-ம் தேதி அரசாங்கம் போர்டைக் கலைத்து ஏழு கம்பெனியாகப் பிரித்தது. டாங்கி வேலை, ஆவடியிலேயே தலைமையகம் வைத்த ஆர்மர்ட் வெஹிகிள்ஸ் நிகாமுக்குப் போனது. பங்கு முழுக்க அரசாங்கத்துடையதுதான். தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. இனி பேலன்ஸ் ஷீட் உண்டு, லாப நஷ்டக் கணக்கு உண்டு, தனியார் போட்டியும் உண்டு.

இந்தச் செய்தியோடு ரிடையரான சித்தப்பாவைப் பார்க்கப் போனேன். "இனிமே கஸ்டமர் கேள்வி கேப்பான் சித்தப்பா. குவாலிட்டி தானா வரும்" என்று லெக்சர் அடித்தேன்.

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஒரு அஜேயாவுக்குள்ள எத்தனை பேர் உக்காருவாங்க, தெரியுமா?"

"மூணு பேர்."

"நான் வெல்டிங்ல ஒரு ஓட்டை விட்டா, அந்த மூணு பேர்ல எவன்டா பில்லை எடுத்துக்கிட்டு நம்மகிட்ட சண்டைக்கு வருவான்?"

என்னிடம் பதில் இல்லை. எங்கள் காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்தில் 'ரிட்டர்ன்ஸ் இன்வர்ட்ஸ்' என்று ஒரு கணக்கு உண்டு. திரும்பி வந்த சரக்குக்கு. சரக்கை வாங்கினவனே திரும்பி வராவிட்டால் எதில் எழுதுவது என்று அதில் போடவில்லை.

"அதை நெனைச்சுத்தான் முப்பது வருஷம் ராடு புடிச்சேன். போர்டா இருந்தா என்ன, கம்பெனியா இருந்தா என்ன..." என்றார்.

அதற்குள் சித்தி காபி கொண்டுவந்தார். ஒரு வாய் குடித்தேன். சர்க்கரை சுத்தமாக இல்லை.

"எப்படிப்பா இருக்கு?" என்றார்.

"பிரமாதம் சித்தி" என்றேன். அந்த வீட்டில் எனக்கும் அடுத்த கடை கிடையாதே!