சுழிக்கும் ஓர் இடம்



பெங்களூரில் வாழும் நம் பிள்ளைகளிற் பலர் கணிதத்தைக் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ பயில்கின்றனர். ஆதலால் வீட்டில் அவர்கள் ஐயம் கேட்டால், பெற்றோர் ஒதுங்கிக் கொள்வதுண்டு. நாமும் மெட்ரிகுலேஷனோடு நின்றவரே. எனினும், ஒன்பதாம் வகுப்பில் பயிலும் எம் மகள் சென்ற திங்கள் கொணர்ந்த கணக்கினின்று ஒதுங்கவில்லை.

தெரியாத எண்ணை 'ய' என்போம். ய³ − 7ய + 6 என்னும் கோவைக்கு (ய − 1) ஒரு காரணி. ஏனைய காரணிகள் யாவை? இதுவே வினா.

1902-ஆம் ஆண்டில், குடந்தைப் பள்ளி மாணவராயிருந்த இராமானுசன் முப்படிச் சமன்பாட்டின் தீர்வைக் கற்று, நாற்படிக்குத் தாமே வழி கண்டார். அவ்வாற்றல் நமக்கேது? ஆயினும் ஒரு காரணி தெரிந்துவிட்டால் அஞ்ச வேண்டுவதில்லை. அதனால் வகுத்தால் முப்படி இருபடியாக இறங்கும். இருபடியைப் பிரித்தல் எளிது.

நாம் படித்த தொகுமுறை வகுத்தலைக் காட்டினோம். மகள் 1, −7, 6 எனக் கெழுக்களை எழுதி வகுத்தாள். ஈவு ய − 6, மீதி 0.

"மீதி இல்லையே அப்பா, சரிதானே?" என்றாள். நாமும் ஒரு கணம் சரியென்றே எண்ணினோம். ஆனால் முப்படியை ஒருபடியால் வகுத்தால் இருபடியன்றோ வரவேண்டும்?

பிழை புலப்பட்டது. கோவையில் ய² இல்லை. ஆயினும் அதற்குரிய இடம் உண்டு. வரவில்லாத நாளுக்கும் எம் ரயில்வேக் கணக்கேட்டில் சுழி இட்டே தீரவேண்டும். இடாவிடில் மறுநாள் தொகை அந்நாளில் ஏறிவிடும். இங்கும் அதுவே நேர்ந்தது.

1, 0, −7, 6 எனத் திருத்தினோம். ய − 1 சுழியாவது ய = 1 ஆகும்போது; எனவே 1-ஆல் பெருக்குதல் வேண்டும். முதல் 1-ஐ அப்படியே இறக்குக. அதனை 1-ஆல் பெருக்கி 0-உடன் கூட்ட 1. அதனைப் பெருக்கி −7-உடன் கூட்ட −6. அதனைப் பெருக்கி 6-உடன் கூட்ட 0. ஈவு ய² + ய − 6. பெருக்கினால் −6, கூட்டினால் 1 தரும் எண்கள் 3, −2. ஆகவே காரணிகள் (ய − 1), (ய − 2), (ய + 3). மூன்றையும் பெருக்கினாள், பழைய கோவையே திரும்பி வந்தது. அதன் பின்னரே ஏட்டை மூடினாள்.

மீதி சுழியானதைக் கொண்டு மட்டும் மகிழற்க. பெருக்கிப் பார்த்தலே சான்று.

பிள்ளைகளுக்கு ஒரு வினா: ய³ − 19ய + 30, ஒரு காரணி (ய − 2). பெற்றோரும் உடனமர்ந்து முயல்க. விடை அடுத்த இதழில்.