பெயரைப் பறிகொடுக்கும் வணிகம்

கடைக்குப் பெயர் சூட்டுமுன் பெரியோரைக் கேட்கிறோம். நல்ல நாள் பார்க்கிறோம். குத்துவிளக்கேற்றித் திறப்பு விழா நடத்துகிறோம். பெயர்ப்பலகையின் வண்ணம் மங்கினால் மறு வண்ணம் பூசுகிறோம். ஆனால் அதே பெயரை இணையத்தில் தாங்கி நிற்கும் முகவரியை உரிய நாளில் புதுப்பிக்க வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடுகிறோம். இதற்கு மறதி என்று பெயர் சூட்டுவது தவறு. இது பொறுப்பின்மை. பொறுப்பின்மையை மறதி என்று அழைத்து அழைத்தே நம் வணிகச் சமுதாயம் தன்னைத் தானே மன்னித்துக்கொண்டு வருகிறது. அந்த மன்னிப்பை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இணைய முகவரிப் பெயரை வழக்கில் டொமைன் என்கிறோம். "என் டொமைனை நான் விலைக்கு வாங்கிவிட்டேன்" என்று வணிகர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். முதற் பிழை அங்கேதான் பிறக்கிறது. டொமைனை எவரும் விலைக்கு வாங்குவதில்லை. அது குத்தகை. நம் நாட்டில் நிலத்துக்கு நிரந்தர உரிமையும் உண்டு; தொண்ணூற்றொன்பது ஆண்டுக் குத்தகையும் உண்டு. டாட் காம் பெயருக்கோ ஓராண்டு முதல் பத்தாண்டு வரை குத்தகை மட்டுமே உண்டு. நிரந்தர உரிமை என்பது உலகின் மிகப் பெரிய நிறுவனத்துக்கும் இல்லை. கட்டணம் பெரிதா? சாதாரணப் பெயர் ஒன்றுக்கு ஆண்டுக்கு நூறு வெள்ளியை ஒட்டிய தொகைதான். ஒரு குடும்பம் ஒரு வேளை உணவகத்தில் உண்ணும் செலவு!

குத்தகை முடிந்த அன்றே பெயர் பறிபோய்விடுவதும் இல்லை. டாட் காம் போன்ற பெயர்களுக்கு, காலாவதி நாளுக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் பதிவாளர் நினைவூட்ட வேண்டும். காலாவதியான பின் ஐந்து நாள்களுக்குள் மீண்டும் அறிவிக்க வேண்டும் என்பது உலக விதி. அதன் பின்னும் பதிவாளரைப் பொறுத்துச் சில நாள்கள் முதல் நாற்பத்தைந்து நாள் வரை தவணை கிடைக்கலாம். பெயர் நீக்கப்பட்டாலும், கூடுதல் கட்டணம் செலுத்தி மீட்க மேலும் முப்பது நாள் உண்டு. இறுதி ஐந்து நாள் கழிந்த பிறகுதான் அது பொதுச் சந்தைக்கு வருகிறது. அதற்கு முன்பே சில பதிவாளர்கள் ஏலத்தில் விற்றுவிடுவதும் உண்டு. இத்தனை கதவுகளும் ஒவ்வொன்றாக மூடும் வரை உறங்கியவன், "திடீரென்று போய்விட்டது" என்று புலம்புவது நியாயமா?

போன பெயர் எங்கே போகிறது? காஹாங்கை எடுத்துக்கொள்வோம். குளுவாங்கிலிருந்து மெர்சிங் செல்லும் சாலையில் அமைந்த சிற்றூர் இது. எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவுக்குச் செல்வோருக்கு நுழைவாயில். இங்கே தங்கும் விடுதி நடத்தும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் உள்ளவர்கள் அவர் கடைப்பலகையைக் கண்டா வருகிறார்கள்? அகப்பக்கத்தைக் கண்டு வருகிறார்கள். பத்தாண்டு உழைப்பில் சேர்ந்த நற்பெயர் அந்த முகவரியில் குடியிருக்கிறது. காலாவதியான பெயர்களுக்காகக் கணினி நிரல்களை வைத்துக் காத்திருப்போர் இருக்கின்றனர். அவர்களுள் ஒருவர் அதனைக் கைப்பற்றிச் சூதாட்டத் தளம் ஆக்கலாம். பெருந்தொகை கேட்டுப் பேரம் பேசலாம். அதே விடுதியின் பழைய பக்கத்தை அப்படியே படியெடுத்து வைத்து, முன்பணத்தைத் தம் வங்கிக் கணக்குக்கு வாங்கலாம். மூன்றாவதில் ஏமாறுபவர் விடுதிக்காரர் அல்லர். அவரை நம்பி வந்த குடும்பம். ஆகவே இது வணிகரின் சொந்த நட்டம் மட்டுமன்று. நம்பியவருக்குச் செய்யும் துரோகம்.

அகப்பக்கத்தைவிட ஆபத்தானது மின்னஞ்சல். பெயர் கைமாறினால், அப்பெயரில் முடியும் எல்லா மின்னஞ்சல் முகவரிகளும் கைமாறுகின்றன. வாடிக்கையாளர் அனுப்பும் கடிதம், கணக்காய்வாளர் அனுப்பும் கணக்கு, மறந்த கடவுச்சொல்லை மாற்ற வரும் செய்தி ஆகிய அனைத்தும் புதியவர் கைக்குப் போகும். 2018ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர், இணைந்தும் பெயர் மாறியும் போன சட்ட நிறுவனங்கள் கைவிட்ட பழைய பெயர்களைப் பதிவு செய்து பார்த்தார். கட்சிக்காரர்களின் மந்தணக் கடிதங்கள் அவரிடம் வந்து குவிந்தன. அவர் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. கைவிடப்பட்ட வீட்டைக் குத்தகைக்கு எடுத்தார்; கடிதங்கள் தாமே வந்தன.

"பெரிய நிறுவனங்களே மறக்கின்றன, நாம் எம்மாத்திரம்?" என்று சிலர் வாதிடக்கூடும். மறந்தன என்பது உண்மை. 1999ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் காலத்தில் மைக்ரோசாப்ட் நிறுவனம் தன் பாஸ்போர்ட் டாட் காம் என்னும் பெயரைப் புதுப்பிக்கத் தவறியது. ஹாட்மெயில் பயன்படுத்துவோர் பலர் உள்ளே நுழைய முடியாமல் தவித்தனர். மைக்கேல் சேனி என்ற நிரலர் தம் கைப்பணம் 35 டாலரைக் கட்டிக் காப்பாற்றினார். 2003இல் அந்நிறுவனத்தின் பிரிட்டன் ஹாட்மெயில் பெயரும் அவ்வாறே வேற்றார் கைக்குப் போய்த் திரும்பியது. பெரியவர் தவறினால் தாங்கிப் பிடிக்க ஆள் உண்டு, வழக்கறிஞர் உண்டு, பணம் உண்டு. காஹாங் விடுதிக்காரருக்கு எந்தச் சேனி வருவார்? பெரியவரின் தவறு சிறியவருக்குச் சமாதானம் ஆகாது, எச்சரிக்கையே ஆகும்.

பெரியவரும் எப்போதும் தப்புவதில்லை. 2016 ஜூன் மாதத்தில், செவித்திறன் குறைந்தோருக்குக் காணொளி வழித் தொலைபேசிச் சேவை நல்கும் சோரன்சன் என்னும் அமெரிக்க நிறுவனம் ஒரு டொமைனைப் புதுப்பிக்கத் தவறியது. அவசர உதவி எண்ணைக்கூட அச்சேவை வழியாக அழைக்க இயலாத நிலையில் அம்மக்கள் விடப்பட்டனர். மறு ஆண்டு அந்நிறுவனம் ஏறத்தாழ 30 இலட்சம் டாலர் செலுத்த வேண்டியதாயிற்று. கதை அதோடு முடியவில்லை. டொமைன் பெயர்களின் பதிவேட்டைப் பேணுவோரே தவறிய விந்தையும் உண்டு. டாட் மொபி என்னும் ஈற்றுப் பெயருக்கான பதிவேட்டுச் சேவை முன்பு இயங்கிய முகவரி 2023 டிசம்பரில் காலாவதியானது. 2024இல் வாட்ச்டவர் என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் அதனை 20 டாலருக்குப் பதிவு செய்தது. சில நாள்களுக்குள் 135,000க்கும் மேற்பட்ட கணினி அமைப்புகள் பழைய முகவரியை நம்பி வினவல்களை அனுப்பின. நாம் விட்டுவிட்டாலும் உலகம் நம் பழைய பெயரை விடுவதில்லை. ஆபத்தின் வேர் அதுவே.

இனி நம்மவர் கூறும் சாக்குகளைப் பார்ப்போம்.

"அதையெல்லாம் தம்பி பார்த்துக்கொள்வான்." எந்தத் தம்பி? அகப்பக்கம் அமைத்துத் தந்த அக்காள் மகன், இன்று வேலை தேடி வெளிநாடு போய்விட்டான். பெயர் அவன் பெயரில் பதிவாகியிருக்கிறது. நினைவூட்டுக் கடிதம் அவன் பழைய மின்னஞ்சலுக்குப் போகிறது. சிலர் இன்னும் ஒருபடி மேலே போய், எந்தப் பெயர் காலாவதியாகுமோ அதே பெயரில் அமைந்த மின்னஞ்சலையே தொடர்பு முகவரியாகத் தந்திருப்பர். வீடு பூட்டப்பட்டது என்னும் அறிவிப்பை, பூட்டிய வீட்டுக்குள் போடச் சொல்வதற்கு ஒப்பானது இது!

"பேஸ்புக் இருக்கிறதே, போதாதா?" குத்தகை வீட்டைப் பேணத் தெரியாதவன், பிறர் வீட்டுத் திண்ணையில் படுக்கை விரிப்பதே இதற்கு விடை. திண்ணைக்காரர் எழுப்பிவிட்டால் எழுந்துதான் போக வேண்டும்.

"என் வணிகப் பெயரைச் சட்டப்படி பதிந்திருக்கிறேன், வழக்காடி மீட்பேன்." வணிகப் பதிவு வேறு, டொமைன் பதிவு வேறு. ஒன்று மற்றொன்றைத் தானே பெற்றுத் தராது. உலக அறிவுசார் சொத்து நிறுவனத்தின் வழியாக டாட் காம் பெயருக்கு முறையிட இடமுண்டு. ஆனால் அங்கே நடுவர் ஒருவரைக் கொண்ட எளிய வழக்குக்கே 1,500 டாலர் கட்டணம். புதியவர் தீய நோக்கோடு பதிந்தார் என்றும் மெய்ப்பிக்க வேண்டும். நூறு வெள்ளி கட்ட மனமில்லாதவர் ஆயிரக்கணக்கில் கட்டவா போகிறார்?

உண்மையான காரணம் வேறு என்பேன். வணிக உரிமத்தைப் புதுப்பிக்கிறோம். தவறினால் அதிகாரி வருவார். சாலை வரியைக் கட்டுகிறோம். தவறினால் காவலர் தடுப்பார். ஓட்டுநர் உரிமம் மூன்றாண்டுக்கு மேல் காலாவதியானால் மறுபடியும் தேர்வெழுத வேண்டும் என்று அஞ்சுகிறோம். டொமைனுக்கோ அதட்டும் அதிகாரி இல்லை. அச்சம் இருந்தால் மட்டும் கடமையைச் செய்யும் பழக்கம் நம்மிடம் ஊறியிருக்கிறது. தோட்டத்தில் மேலாளர் பார்வைக்கு அஞ்சி வாழ்ந்த காலம் போய்விட்டது. தாமே முதலாளியான பின்னும் அந்த மனம் போகவில்லை.

நம் வரலாறு வேறொரு பாடமும் சொல்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் வாழ்விடம் இழந்த நாளில், 1960ஆம் ஆண்டு துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பால்மரம் வெட்டியோரின் சிறுசேமிப்பு நிலமாயிற்று. காலடி மண் நம் பெயரில் இருக்க வேண்டும் என்பதை அன்று எழுத்தறியாப் பாட்டாளியும் உணர்ந்தார். பட்டம் பெற்ற பேரன் தன் பெயரையே பிறர் பெயரில் விட்டுவைக்கிறான்.

தமிழை இணையத்தில் ஏற்றியவர்களை எண்ணும்போது நாணம் மிகுகிறது. 1995இலேயே சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி இணையத்தில் தமிழைக் காட்டினார். நம் நாட்டு முத்து நெடுமாறன் முரசு மென்பொருளால் கணினியில் தமிழுக்கு வழி அமைத்தார். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், 2005இல் தொடங்கிய ஈழத்து நூலகமும் தொண்டர்களின் உழைப்பால் நிற்கின்றன. ஊதியமில்லாத் தொண்டர் பெயரைக் காக்கிறார். ஊதியம் தரும் பெயரை வணிகர் காக்கவில்லை!

இது தமிழாசிரியருக்கு எதற்கு என்று கேட்காதீர்கள். நம் பதிப்பகங்களும் சங்கங்களும் நூலின் பின்னட்டையில் இணைய முகவரியை அச்சிடுகின்றன. டொமைன் காலாவதியாகும், அச்சு காலாவதியாகாது. பள்ளி நூலகத்தில் அந்நூலை எடுக்கும் மாணவி, அம்முகவரியைத் தட்டினால் சூதாட்டத் தளம் திறக்கலாம். அதற்கு யார் பொறுப்பு? ஆகவே கடிதம் எழுதக் கற்பிக்கும் நாம், பதிவைக் காக்கவும் கற்பிக்க வேண்டும். பெயர் நிறுவனத்தின் பெயரிலேயே பதிவாக வேண்டும். தொடர்பு மின்னஞ்சல் வேறொரு பெயரில் இருக்க வேண்டும். தானியங்கிப் புதுப்பித்தலை அமைக்க வேண்டும். வங்கி அட்டை மாறும்போது அதனைச் சரிபார்க்க வேண்டும். பலவாண்டுக் கட்டணத்தை ஒருங்கே கட்டலாம். போலிப் பட்டியல்களும் வருவதால், சொந்தப் பதிவாளரிடமே கட்ட வேண்டும். கடையை மூடினாலும் பெயரைச் சில ஆண்டு கையில் வைத்திருக்க வேண்டும்.

பெயர் எடுக்கப் பல்லாண்டு உழைப்பு வேண்டும். அதைக் காக்க ஆண்டில் கால் மணி நேரம் போதும். அதையும் தர மறுப்பவர் தம் பெயரைப் பறிகொடுத்தேன் என்று இனிச் சொல்ல வேண்டாம். தூக்கியெறிந்தேன் என்று சொல்லட்டும்.