இசைக்கேற்ற உடையா?

கோவாவில் 2007இல் தொடங்கிய சன்பர்ன் போன்ற மின்னிசை விழாக்களுக்கு, டெக்னோ என்றால் கறுப்பு, டிரான்ஸ் என்றால் ஒளிரும் வண்ணம் என இளைஞர்கள் உடை தேர்கின்றனர். திண்டிவனம் பக்கத்துத் திருவிழாக்களிலும் பம்பைக்குப் பின் டி.ஜே. வந்துவிட்டது, நண்பர்கள் அதற்கெனச் சட்டை தேடுகின்றனர். தேடட்டும், இளமைக்கு அழகு வேண்டாமா? ஆனால் கடன் வாங்கியா? ஒரு மினுக்குச் சட்டை கூலி வேலை செய்யும் என் தந்தையாரின் இரண்டு நாள் உழைப்பு.

இயற்பியல் பயில்பவன் என்ற முறையில் ஒன்று கூறுவேன். பல சலவைத்தூள்களில் உள்ள வெண்மையூட்டிகள் புறஊதாக் கதிரை உறிஞ்சி நீல ஒளியை உமிழ்பவை. ஆகவே மேடையின் ஊதா விளக்கில், நன்கு துவைத்த வெள்ளை வேட்டியே பளீரென ஒளிரும்! சித்திரைப் புழுக்கத்தில் வியர்வையை உறிஞ்சுவதும் பருத்திதான், பாலியெஸ்டர் அன்று. டெக்னோ அன்பர்கள் கறுப்பணிந்து இருளில் மறையட்டும். நான் வேட்டியில் வருகிறேன்.