டாங்கியின் ‘தலை’ பறப்பது ஏன்?
உக்ரைன் போர் வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள்: ட்ரோன் மோதியதும் ரஷ்ய டாங்கியின் பீரங்கிக் கூண்டு அப்படியே மேலே பறக்கும். காரணம் என்ன?

டி-72 டாங்கியில் குண்டு நிரப்புவது இயந்திரம். 4 பேருக்குப் பதில் 3 பேர் போதும். டாங்கி சிறியது, எடையும் குறைவு. ஆனால், 22 குண்டுகள் கூண்டுக்குக் கீழே, வீரர்களின் காலடியில் வட்டமாக இருக்கும். அவை தீப்பற்றினால் அவ்வளவுதான், தப்பிக்க நேரமில்லை.

அமெரிக்காவின் ஏப்ரம்ஸில் பெரும்பாலான குண்டுகள் கூண்டின் பின்புறத் தனி அறையில் இருக்கும். வெடித்தால் மேல்தகடு பிய்த்துக்கொண்டு போகும்; தீ வெளியேறிவிடும். நான்காவது ஆள், தனி அறை, கனமான கவசம் எல்லாம் சேர்ந்து எடை 60 டன்னைத் தாண்டும். சேறும் பாலமும் தலைவலி.

ட்ரோன்களிடம் ஏப்ரம்ஸும் தப்பவில்லை. டாங்கி போனாலும் ஆள் பிழைப்பாரா என்பதுதான் கேள்வி. சென்னை ஆவடியில் தயாரான டி-72, டி-90 டாங்கிகளிலும் குண்டுகள் காலடியில்தான்!