மங்கலான மண்டலத்தில் ஒரு புட்டி நீலம்

மாணவ நண்பர்களே, வானியல் நூல் எதையாவது புரட்டிப் பாருங்கள். ஆண்ட்ரோமெடா மண்டலத்தின் சுருள் கைகள் முழுப் பக்கத்தை அடைத்துக் கொண்டிருக்கும். நமது பால்வீதியைச் சுற்றிவரும் குறு மண்டலங்களுக்கு அரைப் பக்கமும் இராது. இது சரியல்ல என்பது என் கட்சி. பெரிய தொலைநோக்கிகளின் நேரத்தை இந்த மங்கலான ஏழைகளுக்கு இன்னும் தாராளமாகத் தரவேண்டும்.

ஏழைகள் என்றேன். வானியலார் ஹைட்ரஜன், ஹீலியம் தவிர்த்த எல்லாத் தனிமங்களையும் 'உலோகம்' என்றே அழைப்பர். ஆக்சிஜன்கூட அவர்களுக்கு உலோகம்தான்! (வேதியியல் தேர்வில் இப்படி எழுதிவிடாதீர்கள்.) பிரபஞ்சத்தின் தொடக்கத்தில் இருந்தவை பெரும்பாலும் அவ்விரு வாயுக்களே. மற்றவை பின்னர் நட்சத்திரங்களுக்குள்ளும் அவற்றின் வெடிப்புகளிலும் சமைந்தவை. ஆகவே உலோகம் மிகக் குறைந்த நட்சத்திரம், சமையல் தொடங்கிய புதிதில் பிறந்தது எனலாம்.

2015ஆம் ஆண்டில், சிலி நாட்டிலுள்ள ஒரு தொலைநோக்கி எடுத்த படங்களில் ரெட்டிகுலம்-2 என்னும் குறு மண்டலம் அகப்பட்டது. தொலைவு சுமார் 1,00,000 ஒளியாண்டுகள். பால்வீதியில் பத்தாயிரம் கோடிக்கும் மேற்பட்ட நட்சத்திரங்கள் உண்டு. இம்மண்டலம் முழுவதும் சேர்ந்து தரும் ஒளியோ சில ஆயிரம் சூரியன்களின் ஒளிதான். இரும்பின் அளவு, சூரியனில் உள்ளதில் சராசரியாக நானூறில் ஒரு பங்கு.

அலெக்சாண்டர் ஜி, அன்னா ஃபிரீபெல் முதலியோர் 6.5 மீட்டர் மெகல்லன் தொலைநோக்கியைக் கொண்டு இதன் 9 நட்சத்திரங்களின் நிறமாலைகளை எடுத்தனர். முடிவு 2016இல் வெளியாயிற்று. 7 நட்சத்திரங்களில் யூரோப்பியம் போன்ற கனத்த தனிமங்கள் ஏராளமாக இருந்தன. இதே போன்ற மற்ற மங்கல் மண்டலங்களில் காண்பதைவிட நூறு மடங்குக்கும் மேல்!

யூரோப்பியத்துக்கு என்ன சிறப்பு? அணுக்கருவை நியூட்ரான்கள் சரமாரியாகத் தாக்கி, அது சிதைவதற்குள் மேலும் மேலும் ஒட்டிக்கொண்டால்தான் அது பெருமளவில் உண்டாகும். தங்கமும் பெரும்பாலும் இவ்வழியில் வந்ததே. இந்த நியூட்ரான் மழை எங்கே பெய்கிறது? அடிக்கடி நிகழும் சாதாரண சூப்பர்நோவாக்களிலா, அரிதாக நிகழும் வேறொன்றிலா? வெகுகாலமாக வழக்கு தீரவில்லை.

வெள்ளைத் துணிக்குச் சொட்டு நீலம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். முற்றத்தில் பத்துக் குடம் தண்ணீர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எல்லாவற்றிலும் இலேசான நீலம் தெரிந்தால், ஒவ்வொன்றிலும் யாரோ சில சொட்டு விட்டிருக்கிறார்கள். ஒன்பது தெளிவாக இருந்து, ஒன்று மட்டும் கருநீலமாக இருந்தால்? புட்டியே அதில் கவிழ்ந்திருக்கிறது! அதே புட்டி ஏரியில் கவிழ்ந்திருந்தால் நமக்குத் தெரிந்தே இராது. பால்வீதி ஏரி, ரெட்டிகுலம்-2 குடம்.

ஆக, காரணம் மிக அரிதாக நிகழ்வது, நிகழ்ந்தால் அள்ளிக் கொட்டுவது. இரு நியூட்ரான் நட்சத்திரங்களின் மோதல் இதற்குப் பொருந்துகிறது. 2017 ஆகஸ்ட் 17 அன்று அத்தகைய மோதல் ஒன்றின் ஈர்ப்பலைகள் பூமியில் பதிவாயின. பின் வந்த ஒளியில் கனத்த தனிமங்கள் உருவானதன் அடையாளமும் தெரிந்தது.

ஒன்பது நட்சத்திரங்களை வைத்து இவ்வளவு பேசலாமா என்று நீங்கள் கேட்டால், அது நியாயமான கேள்வி. வேகமாகச் சுழலும் அரியவகை சூப்பர்நோவாவும் புட்டியைக் கவிழ்த்திருக்கலாம் என்போர் இன்றும் உண்டு. இன்னும் பல குடங்களை எட்டிப் பார்த்தால்தான் தீர்ப்புக் கிடைக்கும். 2025 ஜூனில் முதற்படங்களை வெளியிட்ட சிலியின் வேரா ரூபின் ஆய்வகம், தன் 8.4 மீட்டர் ஆடியால் புதிய குறு மண்டலங்களைக் காட்டித்தரும் என்று எதிர்பார்க்கிறார்கள். ஆனால் கண்டுபிடித்துப் பெயர் வைத்தால் போதுமா? மங்கலான நட்சத்திரம் ஒவ்வொன்றின் நிறமாலைக்கும் பெரிய தொலைநோக்கி மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கஞ்சத்தனம் அங்கேதான் வந்துவிடுகிறது.

ஜனவரி மாதத்தில் இரவு ஒன்பது மணிக்குத் தெற்கு நோக்கி நில்லுங்கள். இடப்பக்கம் பளிச்சென்று தெரிவது அகத்திய நட்சத்திரம். அதற்கு வலப்பக்கம், ஏறத்தாழ நேர் தெற்கே, வெறுமையாகத் தோன்றும் பகுதியில் அந்தக் கருநீலக் குடம் இருக்கிறது. வெறுங்கண்ணுக்குத் தெரியாது, நானும் பார்த்ததில்லை.